பால்பவுடர் டப்பாவில் ஒரு கோல லாந்தர்: வீட்டிலேயே செய்ய முழுமையான வழிகாட்டி

கார்த்திகை தீபத்தன்று வாசல்படியில் வரிசையாக ஏற்றி வைத்த அகல்களில் பாதி, திரும்பி வந்து பார்ப்பதற்குள் அணைந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கிற நாட்கள் அவை. காற்று வரும், கூடவே தூறலும் வரும். துளையிட்ட தகரக் கூண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் இந்தத் தொல்லை தீரும். சுவர் காற்றைத் தடுக்கும், துளைகள் வெளிச்சத்தை விடும், பகலில் சும்மா இருக்கும்போதும் பார்க்க அழகாக இருக்கும்.

உலகத்தில் பல ஊர்க்காரர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கண்ணாடிக்குப் பதிலாகத் துளையிட்ட தகரத்தை வைத்தே லாந்தர் செய்தார்கள். வைக்கோல் நிறைந்த கொட்டகைக்குள் மெழுகுவத்தியைக் கொண்டுபோக அது பாதுகாப்பானது, விழுந்தால் உடையவும் செய்யாது. கெய்ரோவில் ரமலான் மாதத்துக்கென்று தகரத்தையும் வண்ணக் கண்ணாடியையும் சேர்த்து ஃபானூஸ் என்ற லாந்தர் செய்கிறார்கள். நம் நாட்டில் மொராதாபாத் பித்தளை வேலைக்காரர்கள் செய்யும் சல்லடை வேலைப்பாட்டுக் கூண்டுகளைக் கைவினைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். நாம் செய்யப்போவது பட்டறை தேவைப்படாத ஒன்று. ஒரு காலி டப்பா, சில ஆணிகள், ஒரு சுத்தியல், ஃப்ரீசரில் கொஞ்சம் இடம் இருந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. துளைகளுக்கு நடுவில் நீங்கள் விட்டுவைக்கும் இருட்டுத்தான் டிசைன். முதல்முறை செய்பவர்கள் ஆர்வத்தில் டப்பா முழுக்கக் குத்திவிடுவார்கள். ஏற்றிப் பார்த்தால் உருவம் எதுவும் தெரியாது, மங்கலான ஒரு வெளிச்சம் மட்டும் பரவி நிற்கும். எங்கே இடம் விட வேண்டும் என்று கற்றுத்தர நம்மிடம் ஏற்கெனவே ஒரு கலை இருக்கிறது: புள்ளிக் கோலம். அதனால்தான் இந்த லாந்தருக்குக் கோலத்தை எடுத்துக்கொண்டேன்.

எந்த டப்பா?

ஒரு கிலோ பால்பவுடர் டப்பா சரியான அளவு. விட்டம் 12–13 செ.மீ., உயரம் 17–18 செ.மீ. அளவில் இருக்கும். அகல் விளக்கின் திரி நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருப்பதால் சுடர் ஒரு பக்கச் சுவருக்கு நெருக்கமாக வரும். 10 செ.மீ.க்குக் குறைவான விட்டம் என்றால் அந்தப் பக்கம் கரி பிடித்துக் கறுத்துவிடும்.

குளிர்பான அலுமினியக் கேன் வேண்டாம். அதன் சுவர் சுமார் 0.1 மி.மீ. தான், ஆணி பட்டதும் நசுங்கும். உணவு டப்பாக்கள் எஃகுத் தகட்டின் மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு கொடுத்தவை. காந்தத்தை வைத்தால் ஒட்டும். கடையில் எடுக்கும்போது இதைப் பார்த்தாலே போதும். வீட்டில் இல்லையென்றால் காயலான் கடையில் கேளுங்கள். சுவரில் வளையம் வளையமாகப் பள்ளம் உள்ள டப்பாவைத் தவிர்த்துவிடுங்கள், காகிதம் அதன் மேல் படியாது, வரைந்த கோடு கோணலாகும். பெயின்ட், பூச்சிமருந்து, தின்னர் இருந்த டப்பா வேண்டவே வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் உள்ளே ஒட்டியிருப்பது சூட்டில் புகையும்.

உட்புறம் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். பல டப்பாக்களின் உள்ளே பொன்னிற அரக்குப் பூச்சோ வெள்ளிப் பளபளப்போ இருக்கும். லாந்தரைப் பார்க்கும்போது துளைகள் மினுங்குவது சுடர் நேராகத் தெரிவதால் மட்டும் இல்லை, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தாலும்தான். உள்ளே மின்னும் டப்பாவில் எல்லாத் துளையும் உயிரோடு இருக்கும். உள்ளே கறுப்படித்தால் பாதித் துளைகள் செத்துப்போகும். எந்தப் பூச்சானாலும் வெளிப்புறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வேண்டிய சாமான்கள்

1 இஞ்ச், 2 இஞ்ச், 4 இஞ்ச் ஆணிகளில் நாலைந்து வாங்குங்கள். இவற்றால் முறையே சுமார் ஒன்றரை, மூன்று, நான்கு மி.மீ. துளைகள் கிடைக்கும். சாதாரண ஆணியின் முனை ஐம்பது துளைக்குள் மழுங்கும். கான்கிரீட் ஆணி கடினமான எஃகு என்பதால் நீடித்து உழைக்கும், கிடைத்தால் அதையே வாங்கிவிடுங்கள். கால் கிலோ எடைச் சுத்தியல் ஒன்று. கனமான சுத்தியல் கையையும் டப்பாவையும் சேர்த்துக் கெடுக்கும். உருண்டை அரம், உப்புத்தாள், குறடு, 2 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி ஒரு மீட்டர், கிராஃப் தாள், அகல செல்லோ டேப், நூல், நிரந்தர மார்க்கர், பழைய டவல், தடித்த கையுறை, கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. கடைசி இரண்டும் கட்டாயம் வேண்டும். தகர விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும், பனிக்கட்டிச் சில்லு நேராக முகத்துக்குத்தான் தெறிக்கும்.

டப்பாவைப் பார்க்கப் போகிறீர்களா, சுவரைப் பார்க்கப் போகிறீர்களா?

வரையத் தொடங்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். பலர் எதிர்பார்ப்பது, கூண்டில் குத்திய உருவம் அப்படியே அறைச் சுவரில் பெரிதாக விழும் என்று. அகல் சுடரால் அது நடக்காது. காரணம் எளிது.

ஒவ்வொரு சிறு துளையும் ஒரு ஊசித்துளைக் காமிரா. அது சுவரில் விழ வைப்பது துளையின் வடிவத்தை அல்ல, சுடரின் தலைகீழ் உருவத்தை. நட்சத்திர வடிவில் மெனக்கெட்டுக் குத்திய சின்னத் துளையும் சாதா வட்டத் துளையும் சுவரில் ஒரே மாதிரிதான் தெரியும். அகல் சுடர் சுமார் ஒரு செ.மீ. அகலம் இருக்கும். பக்கத்துப் பக்கத்துத் துளைகளுக்கு நடுவே அதைவிடக் குறைந்த இடைவெளி இருந்தால், சுவரில் சுடர் உருவங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மங்கிய பட்டையாகிவிடும். சுவரைத் தள்ளி வைத்தாலும் கிட்டே வைத்தாலும் இது பெரிதாக மாறாது, ஏனென்றால் சுடரின் உருவமும் துளைகளின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில்தான் பெரிதாகின்றன.

இதிலிருந்து கிடைக்கும் கணக்கு இதுதான். டப்பாவின் மேலேயே கோலம் மின்ன வேண்டுமென்றால் துளைகளை 7 மி.மீ. இடைவெளியில் வரிசையாகக் குத்தலாம். சுவரில் தனித்தனி ஒளித்துளிகள் ஆட வேண்டுமென்றால் 2–3 செ.மீ. இடைவெளியில் பெரிய துளைகள் சிலவற்றை மட்டும் விட வேண்டும். கோலமே சுவரில் தெளிவாக விழ வேண்டுமென்றால் சுடரை விட்டுவிட்டு, 2–3 மி.மீ. அளவுள்ள ஒற்றை எல்.இ.டி. விளக்குக்குப் போக வேண்டும். வெளிச்சம் கிளம்பும் இடம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு கூர்மையாக நிழல் விழும்.

நான் சொல்லப்போகும் டிசைனில் முதல் இரண்டும் கலந்திருக்கின்றன. முன்னும் பின்னும் இரண்டு சிக்குக் கோலங்கள், அவற்றுக்கு நடுவில் இரண்டு பக்கமும் வெறும் புள்ளிகள். கோலம் டப்பாவில் தெரியும், புள்ளிகள் சுவருக்குப் போகும்.

அளப்பதும் வரைவதும்

டப்பாவைச் சுற்றி நூலைப் பிடித்துச் சுற்றளவை எடுங்கள். 13 செ.மீ. விட்டமென்றால் 41 செ.மீ. வரும். இந்தச் சுற்றளவை 20 ஆல் வகுத்தால் கிடைப்பது ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரம். நம் கணக்கில் 2 செ.மீ.க்கு ஒரு நூலளவு கூட. ஏன் 20? ஐந்து புள்ளி ஐந்து வரிசைக் கோலத்துக்கு நான்கு இடைவெளி, அடுத்த கோலத்துக்கு முன் ஒரு இடைவெளி, ஆக ஐந்து. சுற்றிலும் நான்கு கோலத்துக்கு இருபது. எந்த அளவு டப்பாவானாலும் இந்த வகுத்தல் பொருந்தும், கடைசியில் அரைக்கோலம் மிச்சமாகி நிற்காது.

கிராஃப் தாளில் நான்கு கட்டங்களும் வரும்படி புள்ளி வையுங்கள். ஒன்றாவது, மூன்றாவது கட்டத்தில் உங்கள் வீட்டு வாசலில் வழக்கமாக விழும் நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலத்தை இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதிலும் நான்காவதிலும் கோடு வேண்டாம். அங்கே நேர்ப்புள்ளியைக் கலைத்து இடைப்புள்ளியாக, 3 செ.மீ. இடைவெளியில் வையுங்கள். இடைப்புள்ளியில் இன்னொரு லாபமும் இருக்கிறது. துளைகள் ஒரே நேர்க்கோட்டில் நெருக்கமாக வந்தால் தகடு அந்தக் கோட்டிலேயே மடங்கப் பார்க்கும். ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி இருந்தால் பலம் குறையாது.

சிக்குக் கோட்டின் மேல் 7 மி.மீ.க்கு ஒரு குறி போடுங்கள். இரண்டு கோடு வெட்டும் இடத்தில் கண்டிப்பாக ஒரு குறி வர வேண்டும், அங்கிருந்து இரு பக்கமும் பிரித்துக்கொண்டு போனால் சீராக வரும். ஒரு கோலத்துக்கு இருநூறு துளை பக்கம் ஆகும். நான்கு கட்டத்திலும் சிக்கு போட வேண்டாம் என்று சொல்வதற்குக் கை வலியும் ஒரு காரணம்தான், ஆனால் முக்கியக் காரணம் நடுவில் விட்ட இருட்டு இல்லாவிட்டால் இந்த இரண்டு கோலமும் எடுபடாது என்பதே. துளைகள் 5 மி.மீ.க்குக் குறைவான நெருக்கத்தில் வந்தால் நடுவிலுள்ள தகரம் கிழிந்து இரண்டும் ஒன்றாகிவிடும்.

கோலப் பட்டையை உயரத்தில் நடுவாக வையுங்கள். மேலும் கீழும் 3–4 செ.மீ. வெறுமையாக இருக்கட்டும், அங்கே காற்றுத் துளைகள் வரும். இந்த லாந்தரில் டப்பாவின் வாய் கீழே, அடிப்பக்கம் மேலே. பிறகு குழப்பம் வராமல் இருக்கத் தாளிலேயே ‘மேல்’ என்று எழுதிவிடுங்கள்.

உள்ளே உறையும் நீர்

காலி டப்பாவில் ஆணி அடித்தால் சுவர் உள்ளே குழியும். பின்னால் தாங்க ஏதாவது வேண்டும். பொற்கொல்லர்கள் நகைத் தகட்டில் உருவம் எழுப்பும்போது அடியில் அரக்கை நிரப்புவது இதே காரணத்துக்காகத்தான். நமக்கு அரக்கின் வேலையைப் பனிக்கட்டி செய்யும். வேலை முடிந்ததும் தானே உருகிப் போய்விடும் என்பது அதன் பெரிய வசதி.

டப்பாவின் வாயில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தாளைச் சுத்தமாக உரித்து எடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, மேலே ஒட்டிய காகித லேபிள் இருந்தால் வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டுங்கள். மேலே இரண்டு விரற்கடை விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஒரே தடவையில் நிரப்பி வைத்தால் அடித்தட்டு நன்றாகவே உப்பும். மூன்று தவணையாக, முதல் பங்கு உறைந்த பிறகு அடுத்தது என்று ஊற்றினால் உப்பல் குறையும். கொஞ்சம் உப்பினாலும் கவலை இல்லை. நமக்கு அது கூரை. லேசாகக் குவிந்திருந்தால் தூறல் தேங்காமல் வழியும்.

மூடி போடாமல் நேராக நிறுத்தி ஒரு முழு நாள் விடுங்கள். வெளியே கட்டியாகத் தெரிந்தாலும் நடுவில் தண்ணீர் இருக்கும், அதனால் அவசரம் வேண்டாம். ஃப்ரீசர் வசதி இல்லாதவர்கள் டப்பாவுக்குள் இறுக்கமாக நுழையும் உருண்டை மரக்கட்டையை வைத்துக் கொள்ளலாம். ஈர மணலை இடித்து நிரப்பியும் செய்வார்கள். சின்ன ஆணிக்கு மணல் தாங்கும், பெரிய ஆணிக்குக் குழியும்.

துளையிடுதல்

உறைந்த டப்பாவை வெளியே எடுத்த ஐந்தாவது நிமிஷம் அதன் மேல் வேர்த்து நீர் கோக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் சும்மா ஒட்டிய காகிதம் ஊறிக் கிழிந்துவிடும். எனவே எடுத்த உடனே டவலால் ஒரு முறை ஒற்றி, கோலத் தாளைச் சுற்றி, அதன் மேல் ஓர் இடம் விடாமல் செல்லோ டேப்பைச் சுற்றுங்கள். தாளின் இரு முனையும் சேரும் இடம் டப்பாவின் பக்கவாட்டு மூட்டின் மேல் வரட்டும். அந்த மூட்டில் தகரம் கெட்டியாக இருக்கும், ஆணி வழுக்கும். கோலம் அதன் மேல் விழாமல் இருப்பது நல்லது.

டவலைச் சுருட்டித் தொட்டில் போல் பள்ளம் செய்து டப்பாவைப் படுக்க வையுங்கள். தரையில் உட்கார்ந்து செய்வதுதான் வசதி. மாடிக் குடியிருப்பில் இருந்தால் பகலில் செய்யுங்கள், சத்தம் கீழ்வீட்டுக்குப் போகும்.

முதலில் 1 இஞ்ச் ஆணியை வைத்து எல்லாக் குறியிலும் லேசாக ஒரு தட்டு மட்டும் தட்டிச் சின்னக் குழி விழ வையுங்கள். காகிதம் கிழிந்துபோனாலும் டிசைன் டப்பாவிலேயே பதிந்துவிடும். அப்புறம் அதே ஆணியால் சிக்குக் கோடு முழுவதையும் துளையுங்கள். ஆணி சுவருக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் துளை நீள்வட்டமாகும், அந்தப் பக்கத்தில் தகரம் சுருங்கும். ஓங்கி ஒரே அடி அடிப்பதைவிட இரண்டு, மூன்று நிதானமான அடி நல்லது. ஒவ்வொரு துளையிலும் ஆணி ஒரே ஆழம் இறங்கினால்தான் எல்லாப் புள்ளியும் ஒரே பருமனாக வரும். ஆணியின் முனையிலிருந்து 5 மி.மீ. மேலே மார்க்கரால் ஒரு வளையம் போட்டுக்கொண்டால் கண் அளவு தேவையில்லை.

சின்னத் துளைகள் முடிந்த பிறகு கோலப் புள்ளிகளையும் பக்கத்து இடைப்புள்ளிகளையும் 2 இஞ்ச் ஆணியால் குத்துங்கள். 4 இஞ்ச் ஆணி எல்லாவற்றுக்கும் கடைசி. இந்த வரிசையை மாற்ற வேண்டாம், பெரிய ஆணி இறங்கும்போது உள்ளே பனிக்கட்டி பிளக்கும், பிளந்த கட்டி சரியாகத் தாங்காது.

அரைமணி, முக்கால்மணி வேலை செய்ததும் கட்டி சுவரை விட்டுக் கழன்று ஆடத் தொடங்கும். ஆணி இறங்கும் சத்தமே மாறும், கணீரென்று கேட்டது மொத்தென்று கேட்கும். அப்போதே நிறுத்திவிட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மறுபடி ஃப்ரீசரில் வையுங்கள். துளை வழியே ஒழுகாமல் இருக்க டேப்பை அப்படியே விட்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்கலாம். ஒரே மூச்சில் முடிக்க நினைக்காமல் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துச் செய்பவர்களின் கோலம்தான் சீராக இருக்கும். கை சோர்ந்ததும் அடி கனமாகிறது, துளை பெரிதாகிறது.

காற்று போக வர வழி

அழகுக்காகக் குத்தும் துளைகள் வேறு, விளக்கு மூச்சுவிடக் குத்தும் துளைகள் வேறு. இதை விட்டுவிட்டால் சுடர் சிவந்து, புகைந்து, அணையும்.

வாய் விளிம்பிலிருந்து ஒன்றரை செ.மீ. உள்ளே சுற்றிலும் 16 துளைகள், 4 இஞ்ச் ஆணியால். எதிர்முனையில், அதாவது கூரை ஓரத்திலிருந்து ஒன்றரை செ.மீ. கீழே, 24 துளைகள். மேல்வழி கீழ்வழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், சூடான காற்று விரிந்து அதிக இடம் கேட்கும். கூரைத் தட்டிலேயே துளை போடலாமே என்று தோன்றும். தூறல் நேராகத் திரியில் விழும், வேண்டாம். சுடர் நிற்கும் உயரத்தில் 4 இஞ்ச் ஆணித் துளை எதுவும் வைக்காதீர்கள். பக்கக் காற்று அதன் வழியாக நேரே சுடரைத் தாக்கும். சிக்குக் கோட்டின் சின்னத் துளைகள் அங்கே வந்தால் பாதகமில்லை.

காற்றோட்டம் சரியா என்று பார்க்க ஊதுபத்தி போதும். உள்ளே அகலை ஏற்றிக் கூண்டைக் கவிழ்த்து, புகையைக் கீழ்த்துளை அருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டு மேல்துளை வழியே வந்தால் சரி. வெளியே தள்ளப்பட்டால் மேலே இன்னும் சில துளைகள் வேண்டும்.

பிசிறும் துருவும்

வேலை முடிந்ததும் டப்பாவை வெந்நீரில் நிறுத்தினால் கட்டி வழுக்கி வெளியே வரும். உடனே துடைத்து வெயிலில் காயவையுங்கள், இரவெல்லாம் ஈரத்தில் விட்டால் காலையில் துளை ஓரமெல்லாம் செம்பழுப்பாக இருக்கும். வெள்ளீயப் பூச்சு முழுதாக இருக்கும்வரைதான் இரும்பைக் காக்கும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் இரும்பு வேகமாகத் துருவேறும். நாம் நூற்றுக்கணக்கில் கீறல் போட்டிருக்கிறோம். ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சு அப்படியில்லை, கீறல் விழுந்த இடத்திலும் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். கடலோரத்தில் வீடு இருப்பவர்கள் அடுத்த லாந்தரை ஜி.ஐ.யில் செய்ய இது ஒன்றே போதுமான காரணம்.

உள்ளே ஒவ்வொரு துளைக்கும் பின்னால் கூர்மையான பிசிறு நிற்கும், பலாப்பழத் தோலை உட்பக்கமாகத் திருப்பியது போல. கையுறை இல்லாமல் உள்ளே கை விடாதீர்கள். வாய்ப்பக்கம் நான்கைந்து செ.மீ. உயரத்துக்கு மட்டும் உருண்டை அரத்தால் ராவி உப்புத்தாள் போட்டால் போதும், விரல் படும் இடம் அதுதான். அதற்கு மேலே உள்ள பிசிறுகளை விட்டுவிடலாம், அவை வெளிச்சத்தைச் சிதறடித்து நன்மையே செய்கின்றன.

வெளிப்பூச்சுக்குச் சாதாரண எனாமல் வேண்டாம். சூட்டில் நாறும், கூரைப் பக்கம் பொரிந்து உரியும். மோட்டார் சைக்கிள் சைலன்சருக்கு அடிக்கும் வெப்பம் தாங்கும் ஸ்பிரே, வண்டி உதிரிபாகக் கடைகளில் கறுப்பிலும் வெள்ளி நிறத்திலும் கிடைக்கும். கறுப்பு நன்றாக இருக்கும், இருட்டில் டப்பா மறைந்து கோலம் மட்டும் தெரியும். உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துவிட்டு, மெல்லிசாக இரண்டு தடவை அடியுங்கள். கெட்டியாக அடித்தால் சின்னத் துளைகள் அடைத்துக்கொள்ளும். அடைத்ததைப் பூச்சு காயும் முன் ஊசியால் குத்தித் திறங்கள்.

கைப்பிடி

கூரைக்கு 2 செ.மீ. கீழே, ஒன்றுக்கொன்று நேர் எதிராக இரண்டு துளை. 60 செ.மீ. கம்பியை வில்லாக வளைத்து, முனைகளை வெளியிலிருந்து உள்ளே விட்டுக் குறடால் மேல்நோக்கி மடக்குங்கள். வில்லின் உச்சி கூரையிலிருந்து ஒரு சாணாவது மேலே இருக்க வேண்டும், கிட்டே இருந்தால் கம்பியும் சுடும். கொஞ்ச நேரம் எரிந்த பிறகு வெறுங்கையால் தூக்கும் எண்ணம் வேண்டாம். குச்சியோ கொக்கியோ வைத்துத் தூக்குங்கள்.

முதல் முறை ஏற்றும்போது

மொட்டை மாடியிலோ வாசலிலோ வைத்து ஏற்றுங்கள். உட்புற அரக்கும் வெளிப்பூச்சும் முதல் சூட்டில் கொஞ்சம் புகைந்து வாடை வரும், ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். மண் தட்டு அல்லது பித்தளைத் தாம்பாளத்தின் மேல் அகலை வைத்து, நல்லெண்ணெய் ஊற்றி, திரியை அரை செ.மீ.க்கு மேல் வெளியே விடாமல் ஏற்றுங்கள். திரி நீண்டால் கரி கூடும். சுடர் நிலைத்ததும் கூண்டைக் கவிழ்த்து மூடுங்கள். சூடத்தை இதற்குள் ஏற்றக் கூடாது, சுடர் கூரையைத் தொடும், ஒரே தடவையில் உள்ளே முழுக்கக் கரியாகும். பிளாஸ்டிக் மேஜை, திரைச்சீலை, தொங்கும் தோரணம் பக்கத்தில் வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டும் இடமும் வேண்டாம்.

தகட்டிலிருந்து, கூரையோடு

டப்பாவில் கை பழகிய பிறகு தட்டைத் தகட்டுக்கு வாருங்கள். அளவு உங்கள் விருப்பம், பனிக்கட்டி தேவையில்லை, தகட்டை மரப்பலகையின் மேல் விரித்து வைத்துக் குத்தலாம். 15 கிலோ எண்ணெய் டின்னின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்தாலே சிறிய லாந்தருக்கு ஆகும். புதிதாக வாங்குவதானால் 28 அல்லது 30 கேஜ் (எண் கூடக் கூடத் தகடு மெல்லிசு) ஜி.ஐ. தகடு கேளுங்கள். 26 கேஜுக்கு மேல் கெட்டியானதைக் கையால் வளைப்பது சிரமம்.

33 செ.மீ. நீளம், 18 செ.மீ. உயரம் வெட்டுங்கள். மேல், கீழ் விளிம்பை அரை செ.மீ. உட்பக்கம் மடித்துத் தட்டிவிட்டால் வெட்டும் கூர்மை போய்விடும், சுவரும் விறைப்பாக நிற்கும். துளையெல்லாம் இப்போதே, வளைப்பதற்கு முன்பே குத்திவிட வேண்டும். இங்கே ஒரு சுதந்திரம் கிடைக்கிறது. பின்பக்கத்திலிருந்து குத்தினால் பிசிறு வெளியே வரும், பகலில் தகட்டின் மேல் கோலம் புடைத்துத் தெரியும். தொடும் இடத்தில் மட்டும் ராவிக்கொள்ளுங்கள்.

3 இஞ்ச் பைப்பின் மேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தால், விட்டதும் தகடு சற்று விரிந்து நமக்கு வேண்டிய 10 செ.மீ. விட்டத்துக்கு வரும். ஒன்றரை செ.மீ. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மூன்று பாப் ரிவெட் அடியுங்கள். ரிவெட் கன் இல்லையென்றால் 3 மி.மீ. நட்டு போல்ட்டு போதும். ஈயம் வைத்துப் பற்றவைப்பதை நான் இந்த வேலைக்குச் சொல்ல மாட்டேன். சாதாரணப் பற்றீயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும், சுடருக்கு நேர் மேலே இருக்கும் கூரை மூட்டில் அதை நம்ப முடியாது. ஜி.ஐ. தகட்டை டார்ச் வைத்துக் காய்ச்சவும் கூடாது, துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.

கூரைக்கு 8 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வெட்டுங்கள். அதில் கால்பங்கு ஆப்பை நீக்க வேண்டும், ஆனால் ஒரு பக்கம் ஒன்றரை செ.மீ. பட்டையை மூட்டுக்காக விட்டுவிடுங்கள். சுருட்டிச் சேர்த்தால் 12 செ.மீ. விட்டமும் ஐந்து செ.மீ. சொச்சம் உயரமும் உள்ள கூம்பு வரும். உருளையைவிடச் சுற்றிலும் ஒரு செ.மீ. வெளியே நீண்டு நிற்கும், தூறலுக்கு அது தாழ்வாரம். மூன்று தகரப் பட்டைகளை ‘ட’ போல மடித்து, உருளையின் மேல் விளிம்புக்கும் கூம்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும்படி ரிவெட் அடியுங்கள். சூடான காற்று அந்த வழியே போகும், மேலே தனியாகக் காற்றுத்துளை தேவைப்படாது. கீழே வழக்கம்போல் 16 துளை இருக்கட்டும். கதவு வைக்க ஆசை வரும். முதல் தகட்டு லாந்தரில் வேண்டாம், இதையும் கவிழ்த்து வைக்கும் கூண்டாகவே செய்யுங்கள். கதவுக்காக வெட்டினால் கோலத்தில் ஒரு கட்டம் போய்விடும், கீல் வைத்த இடத்தில் சுவரும் தளரும்.

புது ஜி.ஐ.யில் பெயின்ட் பிடிக்காது. வினிகர் நனைத்த துணியால் நன்றாகத் தேய்த்து, கழுவிக் காயவைத்து, அதன் பிறகு பூச்சு அடியுங்கள். பூச்சே இல்லாமல் விட்டாலும் சில மாதத்தில் பளபளப்பு அடங்கி நல்ல சாம்பல் நிறம் வரும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

மின்விளக்கு வைக்க நினைப்பவர்களுக்கு

பேட்டரியிலோ 5 வோல்ட் யு.எஸ்.பி.யிலோ ஓடும் எல்.இ.டி. என்றால் பயமில்லை. பால்வெள்ளை மூடி போட்ட பல்பு வேண்டாம், அதன் முழு உருண்டையும் வெளிச்சம் தருவதால் நிழல் மங்கிவிடும். மூடியில்லாத ஒற்றைச் சில்லு விளக்கைச் சரியாக நடுவில், கோலப் பட்டையின் பாதி உயரத்தில் நிறுத்துங்கள். முன்னும் பின்னும் கோலம் ஒரே அளவில் விழும். வீட்டு 230 வோல்ட் இணைப்பு என்றால் அது உலோகக் கூண்டு என்பதை மறக்க வேண்டாம். எர்த் கம்பியோடு மூன்று கம்பி வயர், வயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம், இணைப்புக்கு ஓர் எலக்ட்ரீஷியன். ஈரம் படும் வாசலில் 230 வோல்ட் வேண்டவே வேண்டாம்.

கார்த்திகை முடிந்ததும் உட்புறக் கரியைச் சோப்புத் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவைத்து, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துளை ஓரங்களை ஒற்றி எடுங்கள். செய்தித்தாளில் சுற்றிப் பரணில் போட்டால் அடுத்த வருஷம் எடுத்து நேராக ஏற்றலாம்.